மலைநாட்டை மாற்றிய சின்னஞ்சிறு கதவு



சில மாதங்களுக்கு முன் அக்குறணையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் கூடியிருந்த இடத்தில் பேச்சு பிள்ளைகளின் படிப்புப் பக்கம் திரும்பியது. ஒரு தாய் சலித்துக்கொண்டார். "என்ட மகள் ரெண்டு நாளா ஒரு வட்டத்தக் கீறி, அதுக்குள்ள இன்னும் பல வட்டத்தக் கீறி, வாயில நுழையாத பேரையெல்லாம் பாடமாக்குறா. கலமாம், கருவாம், குழியவுருவாம். இதப் படிச்சு நாளைக்கு என்ன செய்யப் போறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயமான கேள்விதானே? சாதாரண தரப் பரீட்சைக்காகப் பாடமாக்கி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் ஒரு படமா இந்தக் கலம்? அல்லது நமது குசினியையும் கொல்லையையும் நாம் வாழும் இந்த மலைநாட்டையும் தொட்டு நிற்கும் ஒரு விஷயமா?

இம்மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஆரம்பம் குசினியில். முடிவு உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கோப்பிச் செடியில்.

வெங்காயம் ஏன் அழவைக்கிறது?

முழு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் கண் எரிவதில்லை. முகர்ந்தாலும் எரிவதில்லை. கத்தி பட்டவுடன் ஏன் கண்ணீர் வருகிறது?

வெங்காயம் கோடிக்கணக்கான சிறு அறைகளால் கட்டப்பட்டது. ஒவ்வோர் அறையும் ஒரு கலம். அந்த அறைக்குள்ளேயே இன்னுமோர் உள்ளறை உண்டு. அதற்குப் புன்வெற்றிடம் என்று பெயர். ஒரு நொதியம் அந்த உள்ளறையில் தனியே இருக்கிறது. கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் வெளியே குழியவுருவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காதவரை ஒன்றும் நடப்பதில்லை. கத்தி அறைகளை உடைக்கிறது. இரண்டும் கலக்கின்றன. கண்ணை எரிக்கும் ஆவி அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது.

கலத்தின் அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? எதை எங்கே வைப்பது, எதை எதனோடு சேரவிடாமல் பிரித்து வைப்பது என்பதே கலத்தின் முதல் வித்தை. மிளகாய்த்தூளையும் சீனியையும் ஒரே போத்தலில் போட்டுவைக்கும் குசினியில் சமையல் நடக்குமா?

1665 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரொபர்ட் ஹூக் என்பவர் தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தேன்கூடு போன்ற வெற்றறைகளைக் கண்டு, சிற்றறை என்ற பொருளில் அவற்றுக்குப் பெயரிட்டார். தமிழில் நாம் அதைக் கலம் என்கிறோம். கலம் என்றால் பாத்திரம். பொருத்தமான பெயர்தான். 1838, 1839 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியரான ஷ்லைடனும் ஷ்வானும், தாவரமும் விலங்கும் கலங்களால் ஆனவையே என்று எடுத்துக் காட்டினார்கள். நமது உடம்பில் மட்டும் சுமார் 30 இலட்சம் கோடிக் கலங்கள் இருப்பதாக இன்று கணக்கிடுகிறார்கள்.

அந்தப் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது? நடுவே கரு. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. இழைமணிகள் இருக்கின்றன. இவை அடுப்புகள், உணவிலிருந்து சக்தியை எடுத்துத் தருபவை. தாவரக் கலமாயின் பச்சையவுருமணிகளும் இருக்கும். சூரிய ஒளியை வாங்கி, காற்றையும் நீரையும் கொண்டு சீனியைச் சமைப்பவை இவைதான். இவை எல்லாவற்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. தாவரங்களில் அந்தச் சவ்வுக்கும் வெளியே உறுதியான கலச்சுவர்.

அச்சாறு சொல்லும் பாடம்

இந்தச் சவ்வைக் கொஞ்சம் கவனியுங்கள். நமது கதையின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது.

கெக்கரிக்காயை வெட்டி உப்புத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறது. அச்சாறு போடும்போதும் இப்படித்தான். நாம் தண்ணீர் ஊற்றவில்லையே, அது எங்கிருந்து வந்தது? கலங்களுக்குள் இருந்து வந்தது. கலச்சவ்வு தண்ணீரை எளிதில் போகவர விடும். உப்பை அப்படி விடாது. வெளியே உப்பு அதிகமானதும் உள்ளேயிருக்கும் நீர் வெளியேறுகிறது. கலம் சுருங்குகிறது. காய் துவண்டு போகிறது.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் அறிவீர்கள். வாடிய வல்லாரைக் கட்டைத் தண்ணீரில் போட்டால் மீண்டும் நிமிர்கிறது. நீர் உள்ளே புகுந்து, கலங்கள் உப்பி, கலச்சுவரை அழுத்தி நிற்கின்றன. கீரைக்கு எலும்பு இல்லை. நீர் நிறைந்த கலங்களே அதன் எலும்பு.

இதே நீர் வித்தையைக் கொண்டு இலைகள் ஒரு கதவைச் செய்து வைத்திருக்கின்றன. இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. அவை இலைவாய்கள். ஒவ்வொரு வாயின் இரு பக்கத்திலும் அவரை விதை போன்ற இரண்டு காவற்கலங்கள் நிற்கின்றன. அவற்றில் நீர் நிறைந்தால் அவை உப்பி வளைந்து வாய் திறக்கும். நீர் குறைந்தால் வாய் மூடும். காற்று உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் இந்தக் கதவால்தான். கோப்பி இலையில் இந்தக் கதவுகள் அடிப்பக்கத்தில் மாத்திரமே இருக்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் பேராதனைக்குப் போகலாம்.

கோப்பி ஆண்ட காலம்

இன்று நாம் மலைநாடு என்றால் தேயிலை என்கிறோம். நமது பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் மலைநாடு என்றால் கோப்பி. காட்டை வெட்டி மலைமலையாகக் கோப்பி நட்டார்கள். 1867 இல் கண்டிக்கு ரயில் வந்ததும் முக்கியமாகக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத்தான். துரைமாரின் தோட்டங்களில் மட்டுமல்ல, கண்டியக் கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களிலும் கோப்பி இருந்தது. அதை வீடு வீடாக வாங்கிச் சேர்த்து விற்றவர்களில் நமது முஸ்லிம் வியாபாரிகளுக்கு முக்கிய இடம் இருந்தது. 1870 இல் இலங்கையிலிருந்து 10 கோடி இறாத்தலுக்கு மேல் கோப்பி ஏற்றுமதியாயிற்று.

அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1869 இல், மடுல்சீமைப் பக்கத்தில் சில கோப்பிச் செடிகளின் இலைகளுக்கடியில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. இலைகள் பழுத்து உதிர்ந்தன. அப்போது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் துவெயிட்ஸ். 1849 இலிருந்து 1880 வரை அந்தப் பதவியில் இருந்தவர். இலங்கைக்கு வருமுன்னரே நுணுக்குக்காட்டியின் கீழ் ஒற்றைக்கல உயிரினங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவர் நோய்கண்ட இலைகளை இங்கிலாந்திலிருந்த பார்க்லி என்ற பங்கசு அறிஞருக்கு அனுப்பினார். அதே ஆண்டு அந்தப் பங்கசுக்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். முதற்சொல் அதன் வித்திகளைக் குறிக்கிறது. தோடம்பழச் சுளை போன்ற அந்த வித்தியின் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் கரடுமுரடு. இரண்டாவது சொல்லின் பொருள், பாழாக்குபவள்.

பெயருக்கேற்ப அது பாழாக்கிற்று. சில ஆண்டுகளுக்குள் கோப்பி விளையும் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. ஆனால் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் துரைமார் ஆபத்தை உணரவில்லை. விளைச்சல் குறையக் குறைய மேலும் காடு வெட்டி மேலும் நட்டார்கள். 1878 அளவில் சுமார் 2,75,000 ஏக்கரில் கோப்பி இருந்தது. தூள் படிந்த இலைகளுக்கு மேலும் இடம் செய்து கொடுத்தது போலாயிற்று.

ஓர் இளைஞரும் ஒரு நுணுக்குக்காட்டியும்

1880 இல், இந்த நோயை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். காற்றில் கண்ணாடித் தகடுகளை வைத்து வித்திகளைப் பிடித்தார். அவற்றை இலைகளில் இட்டுக் காத்திருந்து, என்ன நடக்கிறதென்று நுணுக்குக்காட்டியில் பின்தொடர்ந்தார். இரண்டு ஆண்டுக் காலத்தில் அவரும், பின்னால் வந்தவர்களும் கண்டறிந்த கதை இதுதான்.

இந்தப் பங்கசும் கலங்களால் ஆனதே. அதற்கும் சுவர் உண்டு, சவ்வு உண்டு, கரு உண்டு. ஆனால் பச்சையவுருமணி இல்லை. தனக்கென்று சமைக்கத் தெரியாத உயிர் அது. ஆகவே சமைக்கும் வீட்டைத் தேடிப் போகிறது.

காற்றிலோ மழைத்துளியிலோ வரும் வித்தி கோப்பி இலையின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. இலை உலர்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. சில மணிநேரம் ஈரம் நிற்கவேண்டும். ஈரம் கிடைத்தால் வித்தி முளைத்து, நூல் போன்ற ஒரு குழாயை நீட்டும். அந்தக் குழாய் இலையின் தோலைத் துளைப்பதில்லை. இலைவாயைத் தேடி ஊர்ந்து போகிறது. காவற்கலங்களுக்கு நடுவே உள்ள அந்தச் சின்னஞ்சிறு கதவால் உள்ளே நுழைகிறது.

உள்ளே போனதும் கலங்களுக்கு இடையிலான சந்துகளில் நூல்களாய்ப் படர்கிறது. பிறகு ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் துளையிட்டு ஓர் உறிஞ்சியைச் செலுத்துகிறது. இங்கேதான் அதன் தந்திரம் இருக்கிறது. சுவரைத் துளைக்கும் அது, சவ்வைக் கிழிப்பதில்லை. பிசைந்த ரொட்டி மாவில் விரலை அழுத்தினால் மாவு பிய்யாமல் உள்வாங்குமே, அப்படிச் சவ்வு உள்வாங்கி உறிஞ்சியைச் சூழ்ந்துகொள்கிறது. கலம் சாவதில்லை. தொடர்ந்து சீனி சமைக்கிறது. சமைத்ததை வந்தவர் உறிஞ்சிக் கொள்கிறார். ஏனென்றால் இந்தப் பங்கசு உயிருள்ள கலத்தில் மாத்திரமே வாழக்கூடியது.

சில வாரங்கள் கழித்து, நுழைந்த கதவாலேயே அது வெளியே வருகிறது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக நாம் காண்பது அதன் புதிய வித்திகளை. சிறு புள்ளியாகத் தெரியும் ஒரு புண்ணில் இருந்தே இலட்சத்துக்கு மேற்பட்ட வித்திகள் வெளிவரலாம். இலை உதிர்கிறது. இலை இல்லாத செடிக்குச் சமையல் இல்லை. அடுத்த ஆண்டு காயும் இல்லை.

இதிலிருந்து வார்ட் எடுத்த முடிவு கசப்பானது. மஞ்சள் புள்ளி கண்ணுக்குத் தெரியும்போது பங்கசு ஏற்கனவே கலங்களுக்கிடையே குடியேறிவிட்டது. வெளியே தூவும் மருந்து அங்கே போய்ச் சேராது. வித்தி முளைத்துக் கதவைக் கடப்பதற்குமுன் தடுத்தால்தான் உண்டு. இன்னொன்றும் சொன்னார். இடைவெளியே இல்லாமல் மலைமலையாக ஒரே செடியை நட்டதே இந்தப் பங்கசுக்கு விருந்து வைத்தது போலாயிற்று என்றார். துரைமார் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. அவர் கொடுத்தது ஒரு விளக்கத்தை. பலருக்கும் ஏமாற்றம்தான்.

வார்ட் போனபின் 1885 இல் பிரான்சில் திராட்சைக் கொடிக்காக மில்லார்டே என்பவர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையை அறிமுகம் செய்தார். முளைக்கும் வித்தியை இலையின் மேலேயே கொல்லும் மருந்து அது. வார்ட் கேட்டது அப்படியொன்றைத்தான். ஆனால் அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துகொண்டிருந்தது.

கலத்தில் நடந்தது, நாட்டில் நடந்தது

தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 இல் முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. கிராமத்துப் பெண்களின் கைக்கு வந்த கோப்பிக் காசும் நின்றது.

கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் போனால் லூல்கந்துர என்ற தோட்டம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867 இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விழுந்தபோது எல்லோரும் அந்தப் பச்சை இலையின் பக்கம் திரும்பினார்கள். 1900 ஆம் ஆண்டளவில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் தேயிலை பரவியிருந்தது. டெய்லர் 1892 இல் காலமாகி, நமது மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த மாற்றத்தின் பாரத்தைச் சுமந்தவர்களை நாம் மறக்கலாகாது. கோப்பி ஒரு பருவத்தில் பழுக்கும். பழம் பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் நடந்து வந்து, வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படியல்ல. ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கவேண்டியதாயிற்று. கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தோளில் விழுந்தது. இன்று காலையில் நீங்கள் குடித்த தேநீருக்காகக் கூடையைச் சுமந்த சகோதரியின் வாழ்க்கை, அவருடைய பூட்டி காலத்தில் ஒரு கோப்பி இலையின் அடியில் திறந்திருந்த கதவால் தீர்மானிக்கப்பட்டது என்றால் மிகையல்ல.

தன்னைக் கொடுத்துக் காக்கும் கலம்

கோப்பியின் கதை அத்தோடு முடியவில்லை. 1927 இல் தீமோர் தீவில் ஒரு கோப்பி மரம் நோயின்றி நிற்கக் கண்டார்கள். அறபிக்காக் கோப்பியும் ரொபஸ்டாக் கோப்பியும் தாமாகவே கலந்து பிறந்த மரம் அது. நோயை எதிர்க்கும் பல இன்றைய கோப்பி வகைகள் அதன் வழி வந்தவையே.

அப்படிப்பட்ட செடியில் என்ன நடக்கிறது தெரியுமா? பங்கசு உறிஞ்சியை நுழைத்ததும் அந்தக் கலம் வந்தவரை அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே தன்னைத்தானே சாகடித்துக்கொள்கிறது. உயிருள்ள கலத்தில் மட்டுமே வாழக்கூடிய பங்கசு அங்கேயே பட்டினி கிடந்து அழிகிறது. சில கலங்கள் போகின்றன. இலை பிழைக்கிறது. பங்கசும் சும்மா இருப்பதில்லை. காலப்போக்கில் தன்னை மாற்றிக்கொண்டு இந்தக் காவலையும் தாண்டப் பார்க்கிறது. 1970 இல் பிரேசிலுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2012 அளவில் மத்திய அமெரிக்க நாடுகளில் ஏராளமான கோப்பிக் குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்தது. ஆகவே இது பழங்கதை மட்டுமல்ல.

உங்கள் கொல்லையில்

மிளகு, கராம்பு, சாதிக்காய், பலா ஆகியவற்றோடு கோப்பியும் நிற்கும் தோட்டங்கள் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் இன்றும் உண்டு. உங்களிடம் ஒரு செடி இருந்தால் நாளைக்கே ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்மஞ்சள் தூள் விரலில் ஒட்டுகிறதா? அதுதான் துருநோய்.

கிளைகளைக் கத்தரித்து வெயிலும் காற்றும் உள்ளே போக வழி செய்யுங்கள். இலை சீக்கிரம் உலரும். வித்தி முளைக்க ஈரம் நிற்காது. மாலை நேரத்தில் இலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றுங்கள். செம்பு சேர்ந்த மருந்து தேவையா, எப்போது அடிப்பது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். புள்ளி பெருகிய பின் அல்ல, மழைக்காலம் தொடங்குமுன் கேளுங்கள். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். நிறமில்லாத கியூட்டெக்ஸைக் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் மெல்லப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்ததும் தெளிவான ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி உரித்தெடுங்கள். அதைப் பாடசாலைக்குக் கொடுத்தனுப்பி, ஆசிரியையிடம் நுணுக்குக்காட்டியில் காட்டச் சொல்லுங்கள். இலைவாய்களின் அச்சு அதில் பதிந்திருக்கும். மேற்பக்கத்தையும் அப்படியே எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பாடமாக்கிய பெயர்கள் அன்றைக்குக் கண்ணால் கண்ட பொருள்களாகிவிடும்.

அக்குறணைத் தாய்க்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் மகள் கீறும் அந்த வட்டத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறதல்லவா, அதுதான் சவ்வு. அந்தக் கோட்டைத் தாண்டி எது போகலாம், எது போகக்கூடாது என்பதில்தான் ஓர் இலையின் உயிர் இருக்கிறது. ஒருமுறை ஒரு நாட்டின் பிழைப்பும் அதிலேயே இருந்தது. அவளை இன்னும் கொஞ்சம் கவனமாகக் கீறச் சொல்லுங்கள்.